எஸ்கேப் செய்தும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் எப்படி?

கேள்வி
வணக்கம். நான் பார்த்துக்கொள்ளும் வேர்ட்பிரஸ் தளத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் காட்டும் ப்ளக்இன் ஒன்று உண்டு. லாகின் செய்யாதவர்கூட அதில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் செய்யலாம் (அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள் தன் கட்டளையை நுழைக்கலாம்) என்று எச்சரிக்கை வந்தது. அப்டேட் போட்டாயிற்று. ஆனால் பழைய கோடில், எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று வரும் மதிப்பை எஸ்க்_எஸ்க்யூஎல் (esc_sql) என்ற எஸ்கேப் ஃபங்ஷன் வழியாகத்தான் விட்டிருக்கிறார்கள். பிறகு ஓட்டை எங்கே?

பதில்
அந்த மதிப்பு க்வெரியில், அதாவது டேட்டாபேஸ் கட்டளையில், எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். எஸ்க்_எஸ்க்யூஎல் முக்கியமாகச் செய்வது மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுவது. மதிப்பு மேற்கோளுக்குள் இருந்தால்தான் அதனால் பயன். வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பைக்குப் (ORDER BY) பின்னால் மேற்கோளே கிடையாதே! உடைத்து வெளியே வர வேண்டிய வேலையே தாக்குபவருக்கு இல்லை. ஐந்து நொடி தூங்கச் சொல்லும் ஸ்லீப்(5) என்பதில் எஸ்கேப் செய்ய ஒரு எழுத்தாவது இருக்கிறதா?

பாஸ்வேர்டை நேராக வைக்காமல் ஹாஷ் என்ற உருமாற்றிய வடிவில்தான் வைத்திருப்பார்கள். தாக்குபவர் டேட்டாபேஸிடம் கேட்பது: ‘அட்மின் பாஸ்வேர்ட் ஹாஷின் இந்த எழுத்து இதுதானா? ஆமென்றால் தூங்கு.’ பக்கம் தாமதமானால் ஆம், உடனே வந்தால் இல்லை. திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தாக முழு ஹாஷையும் உருவிவிடலாம். ஸ்கிரிப்ட்தானே கேட்கிறது, அதற்கு அலுப்பே வராது.

கேட்டவர்
அப்போ மதிப்பைப் பாதுகாப்பாகச் சேர்க்கும் பிரிப்பேர் (prepare) போட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

பதில்
சொல்லுக்கான குறியான %எஸ் (%s) போட்டால் டேபிளின் காலம் (column) பெயரும் மேற்கோளுக்குள் போய் வெறும் சொல்லாகிவிடும். எரர் வராது, வரிசையும் மாறாது. ‘பிரிப்பேர் வேலை செய்யவில்லை’ என்று அதைத் தூக்கிவிட்டு நேராக ஒட்டிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2023இல் வந்த வேர்ட்பிரஸ் 6.2 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட பெயர்களுக்கென்றே %ஐ (%i) இருக்கிறது. எனக்கென்னவோ அனுமதிப் பட்டியல்தான் பிடிக்கும்: தேதி, தலைப்பு, வேறு எது வந்தாலும் தேதி. ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதற்கும் அதே கதைதான்.

இன்னொருவர்
குறுக்கிடுகிறேன். அப்டேட் ஓட்டையை அடைக்கும், போனதைத் திருப்பித் தராது. வந்த கோரிக்கைகளைப் பதியும் ஆக்சஸ் லாகில் அட்மின்-அஜாக்ஸ் (ப்ளக்இன்களின் பின்னணிக் கோரிக்கைகள் போகும் முகவரி) வரிகளில் ‘ஸ்லீப்’, ‘செலக்ட்’ தேடிப் பாருங்கள்.

பதில்
சரிதான். ஆனால் தகவலை முகவரியில் வைக்காமல் தனியாக அனுப்பும் போஸ்ட் கோரிக்கை என்றால் அனுப்பியது எதுவும் வழக்கமான லாகில் பதியாது. ஒரே ஐபியிலிருந்து அதே முகவரிக்கு மழையாகக் கோரிக்கைகள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லா அட்மின் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். தளத்தின் அமைப்புகள் இருக்கும் ஆப்ஷன்ஸ் டேபிளை மறந்துவிடாதீர்கள். மெயில் பாஸ்வேர்டும் வெளிச்சேவைகளுக்கான ஏபிஐ கீகளும் பல தளங்களில் அங்கேதான் கிடக்கும், அதுவும் ஹாஷ்கூட இல்லாமல்.