அமெரிக்காவில் ஸ்நாப் (உணவு வாங்க அரசு கார்டில் போடும் பணம்), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நின்றுபோனவர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கல்லாப்பெட்டி:
2025 நவம்பர் முதல் வாரம். பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடக்கம், ஸ்நாப் பணம் ஏறவில்லை, கதை எல்லாருக்கும் தெரியும். நான் மளிகைக் கடையில் பில் போடுகிறேன். என் அக்கா வயதிருக்கும் ஒரு பெண்மணி கார்டைத் தேய்த்தார், ஏற்கவில்லை. கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு கையில் குழந்தை, அதனால் ஸ்பீக்கரில். "உங்கள் கணக்கில் இருப்பது பூஜ்ஜியம் டாலர், அறுபத்தொரு சென்ட்" என்று அந்த இயந்திரக் குரல் உற்சாகமாகச் சொன்னது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "கையில் பதினொரு டாலர்தான். அதற்குள் வர எதையெல்லாம் எடுக்க வேண்டும்?" என்றார். நான்தான் ஒவ்வொன்றாகக் கழித்தேன். முதலில் கோழி, பிறகு ஆரஞ்சு. முட்டையை எடுக்கும்போது மட்டும் "அது இருக்கட்டும்" என்றார். அந்த வாரம் இப்படி எத்தனையோ பேர் வந்தார்கள். இவர் கணக்கை என் கையில் கொடுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

மருந்துச்சீட்டு:
கல்லாப்பெட்டி, வருத்தம்தான். ஆனால் அந்த ஸ்நாப் பணம் இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. வராமலே போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோவிட் காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக்கூடாது என்று இருந்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தடை முடிந்ததும், பலருக்கும் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் போனது. இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் தகுதியில்லை என்று கண்டறியப்பட்டவர்கள் இல்லை; படிவம் திரும்பிவரவில்லை, முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதான். பார்மசி ஜன்னலில் ஒரு அப்பா மகனின் இன்ஹேலருக்கு வந்தார். கணினியில் "காப்பீடு இல்லை". அவருக்கே அப்போதுதான் தெரியும். விலையைச் சொன்னேன். "வெறும் புகை அடிக்கிற டப்பாவுக்கா?" என்று சிரித்தார். பையன் பக்கத்திலேயே இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தள்ளுபடிக் கூப்பன் ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

வன்னிப்பிள்ளை:
எங்கட வீட்டுக் கதை. அசைலம் (அரசியல் புகலிடம்) கிடைத்துவிட்டது, கிரீன் கார்டுக்குப் போட்டாயிற்று, இன்னும் வரவில்லை. 2025 ஜூலை 4-ஆம் திகதி கையெழுத்தான சட்டத்தில் அகதிகளையும் அசைலம் கிடைத்தவர்களையும் ஸ்நாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே பிறந்த மகளுக்கு மட்டும் தொடர்கிறது. முழுக் குடும்பத்துக்கும் வந்தது இப்போது ஒரு பிள்ளைக்கான காசு. மறுபரிசீலனை நேர்காணலில் அந்த அலுவலர், "உங்களுக்கு இல்லை, குழந்தைக்கு மட்டும்தான்" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்து, "அப்ப பிள்ளைக்கு எண்டு தனியாச் சமைக்கிறதோ?" என்று கேட்டா. நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆலோசனை_மாமா:
எல்லாரும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். வேலை செய்ய முடிந்தவர்கள் செய்யட்டும் என்றுதானே அந்தச் சட்டம் சொல்கிறது? உதவி தொடர மாதம் 80 மணி நேரம் வேலை, அதிலென்ன தப்பு? என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மெடிக்கெய்ட் நின்றது, படிவம் அனுப்பி வாங்கிவிட்டார். சரி, உருப்படியாகச் சொல்கிறேன். வீடு மாறினால் முதலில் மெடிக்கெய்ட் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், தபால் நிலையத்துக்கு மட்டும் சொன்னால் போதாது. படிவம் அனுப்பாததால் நின்றது என்றால் 90 நாளுக்குள் அனுப்புங்கள், பெரும்பாலும் புது விண்ணப்பம் வேண்டியதில்லை. மேல்முறையீடு செய்வதென்றால் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். சீக்கிரம் செய்தால் முடிவு வரும்வரை காப்பீடு தொடரவும் வாய்ப்புண்டு. ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் விக் (WIC, தாய்மார்க்கும் சிறு குழந்தைகளுக்குமான சத்துணவு உதவி) கேளுங்கள், அதில் குடியேற்ற நிலை பார்ப்பதில்லை. ஸ்நாப் இருந்ததால் பள்ளியில் இலவசச் சாப்பாடு தானாக வந்திருக்கும். ஸ்நாப் நின்றால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டிவரலாம், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டால் பக்கத்தில் இலவசமாக உணவுப் பொருள் தரும் ஃபுட் பேங்க் எதுவென்று சொல்வார்கள். எல்லாக் காகிதத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

மருந்துச்சீட்டு:
மாமா, 80 மணி நேரம் வேலை செய்வது வேறு, செய்ததை மாதாமாதம் நிரூபிப்பது வேறு. ஆர்கன்சா மாநிலத்தில் 2018-லேயே மெடிக்கெய்டுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். சில மாதத்தில் 18,000-க்கும் அதிகமானோர் காப்பீடு இழந்தார்கள், நீதிமன்றம் நிறுத்தியது. வேலைக்குப் போனவர்கள் எண்ணிக்கை கூடவில்லை என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது. ஆன்லைனில் மட்டும்தான் மணிக்கணக்கைப் பதிய வேண்டும் என்று ஆரம்பித்ததில், வேலையில் இருந்தவர்களும் மாட்டினார்கள். அதே மாதிரி விதி மெடிக்கெய்டுக்கு 2027 தொடக்கத்துக்குள் வர வேண்டும் என்று 2025 சட்டம் சொல்கிறது.

ஆலோசனை_மாமா:
அதனால்தான் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள் என்கிறேன்.

வன்னிப்பிள்ளை:
மாமா, மகளுக்கு நாலு வயது. விக்குக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?