புதுப்பிப்பு: என் செவ்வாய் நாவல் ஜனவரியில் வருகிறது

என் அறிவியல் புனைகதை நாவலை முதலில் மின்னூலாக விடலாமா, அச்சில் கொண்டுவரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் அச்சு என்றீர்கள். சரி, அப்படியே முடிவு செய்துவிட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு அச்சுப் பிரதி, அப்புறம் மின்னூல்.

ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்) வந்துவிட்டது. சொந்தமாகப் பதிப்பிப்பவர்கள் கவனிக்க: ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மயிலாப்பூர் அம்மாவும் செவ்வாயில் இருக்கும் மகளும் பேசும் அத்தியாயங்கள் இழுக்குமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு கோள்களின் தூரத்தைப் பொறுத்து, ஒரு சொல் போய்ச்சேர ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க எனக்கு மனமில்லை, கதையின் உயிரே அதுதான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அம்மா உலை வைத்துச் சோறு வடித்துவிடுகிறாள். இன்னொன்று, சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவில் வந்துவிடும். அப்போது இரண்டு வாரம் போல, செவ்வாயில் உள்ள கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை நாசா நிறுத்திவைக்கும். என் உச்சக்கட்டம் அந்த நாட்களில்தான் நடக்கிறது. எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அட்டை இன்னும் முடியவில்லை. ராக்கெட் வேண்டாம், அந்தச் சமையலறை ஜன்னல் போதும் என்று ஓவியரிடம் சொல்லியிருக்கிறேன்.

இயற்பியல் தெரிந்த யாராவது அச்சுக்கு முன் அந்த அத்தியாயங்களைப் படித்துப் பார்க்க முடியுமா? கோப்பை அனுப்பிவைக்கிறேன்.