நோட்பேட் அப்டேட்டுக்குப் பிறகு எக்செல்லில் தமிழ் சிதைகிறது: பிஓஎம் வேண்டுமா, வேண்டாமா?

உப்பளம்_டிடிபி
புதுச்சேரி முகவரி லேபிள் வேலை. பெயர் தமிழில், தெரு பிரெஞ்சில். நோட்பேடில் அடித்து, யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) தேர்ந்து சிஎஸ்வி-யாக (கமாவால் பிரித்த பட்டியல் ஃபைல்) சேமித்து, எக்செல்லில் டபுள் கிளிக். விண்டோஸ் 10-ஐ 1809-லிருந்து 22எச்2-க்கு ஏற்றியதும் புது ஃபைல்களில் தமிழ் முழுக்கத் தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாக வருகிறது. ரூ ஃபிரான்சுவா மார்த்தேனில் வால் வைத்த 'சி'யும் போச்சு. பழைய ஃபைல்கள் நன்றாகத் திறக்கின்றன. ஃபான்ட் மாற்றியும் பயனில்லை.

லாஸ்பேட்டை_தட்டச்சர்
ஃபான்ட்டை விடுங்க சார். 2019 மே மாத 1903 பதிப்பிலிருந்து நோட்பேடில் 'யூடிஎஃப்-8' என்ற பெயர் அதேதான், பொருள்தான் வேறு. முன்பு அதைத் தேர்ந்தால் ஃபைலின் தலையில் இஎஃப்-பிபி-பிஎஃப் என்ற 3 பைட் அடையாளம் தானே ஒட்டிக்கொள்ளும். அதுதான் பிஓஎம். இப்போது ஒட்டாது. டபுள் கிளிக்கில் எக்செல் அதைத்தான் தேடுகிறது. காணாவிட்டால் ஆன்சி (தமிழுக்கு இடமில்லாத பழைய விண்டோஸ் எழுத்துமுறை) என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், முதல் பைட்டின் எண் எப்போதும் இ0. ஆன்சியில் அந்த எண்ணுக்கு உரிய எழுத்துதான் கோடு போட்ட 'ஏ'. பழைய ஃபைலைத் திறந்து சேமித்தாலும் நோட்பேட் பிஓஎம்மைக் கழற்றாது, அதனால்தான் அவை தப்பின.

சோதனை: புது ஃபைலில் 'அ' மட்டும் அடித்துச் சேமித்து, ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ்' பாருங்க. 'சைஸ் ஆன் டிஸ்க்' இல்லை. 3 பைட் என்றால் பிஓஎம் இல்லை. 6 என்றால் இருக்கிறது. சேவ் ஆஸ் போய் என்கோடிங்கில் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' கொடுங்க, முடிந்தது.

வில்லியனூர்_நிரல்
நோய் கண்டது சரி அண்ணே, மருந்துதான் தப்பு. யூடிஎஃப்-8-க்கு பிஓஎம் தேவையும் இல்லை, யூனிகோட் தரம் அதைப் பரிந்துரைக்கவும் இல்லை. அந்த சிஎஸ்வி-யைப் பைத்தான் நிரல்மொழியில் வெறும் யூடிஎஃப்-8 என்று படித்தால் முதல் நெடுவரிசைத் தலைப்பு 'பெயர்' ஆக இருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோடு சேர்ந்த 'பெயர்' ஆகிவிடும். 'பெயர்' என்று தேடினால் அப்படி ஒன்று இல்லை என்ற பிழை, கீ எரர். விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் ஃபைலில் பிஓஎம் வந்தால் முதல் வரியே ஓடாது.

திருத்த வேண்டியது ஃபைலைத் திறக்கும் எக்செல் பக்கத்தை. எக்செல்லில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, ஃபைல் ஆரிஜின் 65001 (யூடிஎஃப்-8-இன் எண்). அங்கேயே 'டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' வைத்தால் புதுச்சேரி தொலைபேசிக் குறியீடு 0413-இல் முன்பூஜ்யமும் பிழைக்கும். டபுள் கிளிக் அதை 413 ஆக்கிவிடும்.

லாஸ்பேட்டை_தட்டச்சர்
0413 விஷயம் ஒத்துக்கிறேன். ஆனால் லேபிள் வேலையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த வழியில் நுழைய எந்தக் கவுன்டரில் பொறுமை இருக்கும்? பேட்ச் ஃபைலுக்கு பிஓஎம் போடு என்று யாரும் சொல்லவில்லை தம்பி. பைத்தானுக்கு 'யூடிஎஃப்-8-சிக்' என்று ஒரு வார்த்தை மாற்றினால் பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கும்.

வில்லியனூர்_நிரல்
ஒட்டுவதில் மாட்டுவீங்க. நாலு தெருப் பட்டியலை 'காப்பி /பி' என்ற விண்டோஸ் கட்டளை கொடுத்து ஒன்றாக்கினால், இரண்டாவது ஃபைலின் பிஓஎம் நடுவில் போய் உட்காரும். அந்த வரியின் முதல் பெயர் அகரவரிசையில் இடம் மாறும், தேடினாலும் அகப்படாது, திரையில் எந்தக் குறையும் தெரியாது. வேலை ஃபைல்கள் பிஓஎம் இல்லாமல் இருக்கட்டும். எக்செல்லுக்குப் போகும் கடைசிப் பிரதியில் மட்டும் வேண்டுமானால் வையுங்க.

உப்பளம்_டிடிபி
'அ' சோதனையில் 3 பைட். பிஓஎம்மோடு சேமித்ததும் தமிழ் வந்தது, ஃபிரான்சுவாவுக்கு வாலும் வந்தது. ஆனால் சரியாகத் திறந்த பழைய பட்டியல் ஒன்றில் எக்செல்லிலேயே திருத்தி, 'சிஎஸ்வி கமா டெலிமிட்டட்' ஆகச் சேமித்தேன். இப்போது பெயரெல்லாம் கேள்விக்குறி.

லாஸ்பேட்டை_தட்டச்சர்
அது வேறு கேடு. கோடு போட்ட 'ஏ' வந்தால் தமிழ் உள்ளே பத்திரம், படிக்கும் முறைதான் பிழை. கேள்விக்குறி வந்தால் ஆன்சியில் இடமில்லாத எழுத்து அழிந்துவிட்டது. அந்த ஃபைலிலிருந்து மீட்க வழியில்லை. எக்செல்லை மூடாமல் வைத்திருந்தால் உடனே 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' வகையில் மறுபடி சேமியுங்க. திரையில் இன்னும் தமிழ்தான் நிற்கும்.

வில்லியனூர்_நிரல்
இதில் அண்ணன் சொல்வதே சரி. அந்த வகையும் பிஓஎம் போட்டுத்தான் எழுதும், பைத்தானுக்கு அனுப்பும் முன் நினைவிருக்கட்டும்.