பைபாஸ் புரதம்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
ஆட்டுக்குட்டித் தீவனம் பற்றிய துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது பென்னாகரம், அரூர் பக்கத்தில் மேச்சேரி இனச் செம்மறியாடு வளர்ப்பவர்கள். ஆட்டு வயிற்றுக்கு நான்கு அறைகள்; கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதியை முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகச் சிதைத்துவிடும். அப்படிச் சிதையாமல் நான்காம் வயிற்றுக்குப் போய்ச் சேர்வதுதான் பைபாஸ் புரதம். அப்படிச் சிதையாதிருக்க மேல்பூச்சு கொடுத்த மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களுக்கும் இதே அடைமொழி தேவை. தப்பிப் போவதால் 'தப்பு புரதம்' என்றால் தவறான புரதம் என்று படிப்பார்கள். வேறென்ன சொல்லலாம்?
— பென்னாகரம்

'புறவழிப் புரதம்'. கிருஷ்ணகிரியில் புறவழிச்சாலை தெரியாதவர் யார்? புரதமும் நல்ல தமிழே. புரத்தல் என்றால் காத்தல், உடலைப் புரப்பது புரதம். அப்புறம், 'குட்டித் தீவனம்' எதற்கு? 'மறித் தீவனம்' என்று போடுங்கள். ஆட்டின் இளமைக்கு மறி என்று தொல்காப்பிய மரபியலே சொல்கிறது: "ஆடும் குதிரையும் நவ்வியும் உழையும் ஓடும் புல்வாய் உளப்பட மறியே".
— கிருஷ்ணகிரி

ஐயா, மரபியல் சரி. எங்கள் பக்கம் மறி என்றால் பெட்டைக்குட்டி. கிடாக்குட்டி வைத்திருப்பவர் துண்டறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடுவார். புரதம் புரோட்டீன் என்ற ஒலியை ஒட்டி வந்த சொல்லாகத்தான் எனக்குப் படுகிறது. அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

புறவழியில் உண்மையான சிக்கல் வேறு. குட்டி மடியில் சப்பும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொள்ள, பால் முதல் வயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகிறது. புறவழி என்றால் அதுதான். நாம் பேசும் புரதமோ முதல் வயிற்றுக்குள்ளேயே கிடந்து ஊறி, உடையாமல் வெளியேறுகிறது. ஆகவே 'சிதையாப் புரதம்'.
— அரூர்

வெறும் 'சிதையாப் புரதம்' என்றால் செரிக்காத தீவனத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பார்கள். சிறுகுடலில் செரித்து அமினோ அமிலங்களாக உடலில் சேர்வதால்தானே அதற்கு மதிப்பு? 'முதல்வயிற்றில் சிதையாப் புரதம்' என்று முழுதாக எழுதுங்கள்.
— ஊத்தங்கரை

சரி, நேரமில்லை. முதலில் ஒருமுறை ஊத்தங்கரையார் சொன்னது, பிறகு எல்லா இடத்திலும் 'பைபாஸ் புரதம்'. தீவனக் கடையில் அப்படித்தான் கேட்கிறார்கள். அமினோ அமிலத்துக்கு 'பூச்சிட்ட மெத்தியோனின்' போதும். குட்டி குட்டியாகவே இருக்கட்டும்.
— பென்னாகரம்

நான் உடன்படவில்லை. சாலைக்கு ஏற்ற சொல் தீவனத்துக்கும் ஏற்கும். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.
— கிருஷ்ணகிரி