1 எச்.பி. மோட்டார், 1000 லிட்டர் தொட்டி: கணக்கில் 2 நிமிடம், வீட்டில் 38 நிமிடம். தவறு எங்கே?

கேள்வி

வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு. வேலை, ஆற்றல், திறன் பாடம் நடக்கிறது. வீட்டு மோட்டாரை வைத்தே ஒரு கணக்குப் போடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். தொட்டி 1000 லிட்டர், அதாவது 1000 கிலோ தண்ணீர். தொட்டியின் மேல் குழாய் வாய் தரையிலிருந்து 30 அடி, சுமார் 9 மீட்டர். நிலை ஆற்றல் 1000 × 9.8 × 9 = 88,200 ஜூல். 1 எச்.பி. 746 வாட் என்பதால் 118 விநாடியில் நிரம்ப வேண்டும். ஆனால் 38 நிமிடம் ஓடுகிறது! போன வருடம் அரை மணிக்குள் நிரம்பிவிடும். போர் (ஆழ்துளைக் கிணறு) 320 அடி, சப்மெர்சிபிள் மோட்டார் 240 அடியில் தொங்குகிறது. வந்து பார்த்தவர் புது மோட்டார் போடச் சொல்கிறார். அவ்வளவு பணத்தை இறக்கும் முன் விஷயம் புரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

அக்கா, தண்ணீர் தரையிலிருந்தா ஏறுகிறது? மோட்டார் 240 அடியில் இருக்கிறது. 240 + 30 = 270 அடி என்று போட்டுப் பாருங்கள்.

பதில் 2

நான் இயற்பியல் ஆசிரியர். 30 அடியும் தவறு, 270 அடியும் தவறு. உயரத்தை போருக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருந்தாலும், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தமே குழாய்க்குள் இருப்பதை அந்த மட்டம் வரை தள்ளிக் கொடுத்துவிடும். அதற்கு மேல் ஏற்றுவதுதான் மோட்டாரின் சுமை. இன்னொன்று: மோட்டார் ஓட ஓட மட்டம் இறங்கும். அந்த இறங்கிய மட்டம்தான் உங்கள் கணக்குக்கு வேண்டும்.

பதில் 3

மோட்டார் இறக்கி ஏற்றுவதுதான் என் தொழில். ஐயா சொன்னது சரி. மட்டம் பார்க்க, மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, சுவிட்சை அணைத்த உடனே நைலான் கயிற்றில் சின்ன எடை கட்டி இறக்குவோம். நீங்களாக விடாதீர்கள் அக்கா, கேபிளில் சிக்கினால் பெரிய தலைவலி. பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள். அப்படியே மீட்டரையும் பாருங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு, மோட்டார் மட்டும் ஓடும்போது சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள்.

கேட்டவர்

அளந்தாயிற்று. சும்மா இருக்கும்போது 120 அடியில் தண்ணீர், ஓடிய பிறகு 165 அடி. மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 59 முறை சிமிட்டியது. மகள்தான் எண்ணினாள், இரண்டு தடவை.

பதில் 2

அருமை. இனி எல்லாம் கையில் இருக்கிறது. 165 + 30 = 195 அடி, 59.4 மீட்டர். 1000 × 9.8 × 59.4 என்றால் சுமார் 5,82,000 ஜூல். 38 நிமிடம் 2280 விநாடி. வகுத்தால் 255 வாட். தொட்டிக்குப் போய்ச் சேரும் திறன் இவ்வளவுதான்.

இப்போது மீட்டர் பக்கம். 59 × 60 ÷ 3200 = 1.1 கிலோவாட். 38 நிமிடத்தில் 0.7 யூனிட், அதாவது 25,20,000 ஜூல். அதில் தண்ணீரில் ஏறியது 5,82,000. பயனுறு திறன் 23 சதவீதம். மகளிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: 746 வாட் என்பது மோட்டார் அச்சில் கிடைக்கும் திறன். மின்சாரம் அதைவிட அதிகம் உள்ளே போகும், தண்ணீருக்கு அதைவிடக் குறைவாகவே போகும். மோட்டார் சூடு, பம்புக்குள் சுழலும் தண்ணீரின் உரசல், குழாய், அதன் வளைவுகள் (பெண்டு) எல்லாம் பங்கு கேட்கும்.

பதில் 1

அப்படியென்றால் அரை எச்.பி. போட்டு இரண்டு மடங்கு நேரம் ஓட்டினால் போதுமா?

பதில் 3

போதாது தம்பி. கணக்குக்கு ஒத்துவரும், தண்ணீர் வராது. பம்பில் எத்தனை ஸ்டேஜ் (ஒன்றன் மேல் ஒன்றாக உள்ள தள்ளும் சக்கர அடுக்குகள்), எவ்வளவு ஹெட் (தள்ளக்கூடிய உயரம்) என்பதுதான் எவ்வளவு உயரம் ஏறும் என்று முடிவு செய்யும். 195 அடி தள்ள முடியாத பம்பு நாள் முழுக்க ஓடினாலும் தொட்டியில் ஒரு சொட்டு விழாது.

அக்கா, 23 சதவீதம் இந்தச் சின்ன மோட்டாருக்கும் குறைவு. 30-ஐ ஒட்டி வர வேண்டும். முன்பு அரை மணிக்குள் நிரம்பியது என்கிறீர்கள். மோட்டாரைக் குறை சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஓடும்போது கேசிங் பைப்பில் (போருக்கு வெளிச்சுவராக இறக்கிய பெரிய குழாய்) காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே மழை பெய்கிற மாதிரி சத்தம் வந்தால், தண்ணீரை மேலே கொண்டுவரும் டெலிவரி பைப் எங்கோ பிய்ந்திருக்கிறது.

கேட்டவர்

தம்பி, மழையேதான்! சலசலவென்று நன்றாகக் கேட்கிறது. இவ்வளவு நாள் தண்ணீர் ஏறும் சத்தம் என்று நினைத்திருந்தோம். நாளை பைப்பை ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

கேட்டவர் (மூன்று நாள் கழித்து)

சுமார் 60 அடி ஆழத்தில் ஒரு கப்ளிங்கில் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) விரிசல். சுண்டு விரல் நகம் நுழையும் அகலம். கப்ளிங்கும் ஒரு துண்டு பைப்பும் மாற்றினோம். மோட்டார் பழையதுதான். இன்று காலை 27 நிமிடத்தில் தொட்டி நிரம்பியது. சிமிட்டல் அதே 59, ஆக அரை யூனிட்தான் செலவு. மகளே போட்ட கணக்கு: 5,82,000 ÷ 1620 = 359 வாட், பயனுறு திறன் 32 சதவீதம். ஐயா, ஒரு சந்தேகம். தொட்டியில் சேர்ந்த நிலை ஆற்றல் அன்றும் இன்றும் ஒன்றுதானே, மீதி எங்கே போனது என்று கேட்கிறாள்.

பதில் 2

நல்ல கேள்வி. இப்போது நிமிடத்துக்கு 37 லிட்டர் ஏறுகிறது. அதே வேகத்தில் அன்று 38 நிமிடம் ஓடியிருந்தால் 1400 லிட்டர். தொட்டிக்கு வந்தது 1000. மீதி 400 லிட்டரை மோட்டார் விரிசல் வரை தூக்கியது, அது திரும்ப 100 அடி கீழே விழுந்தது. ஏற்றியபோது சேர்ந்த நிலை ஆற்றல் விழும்போது இயக்க ஆற்றலாகி, கடைசியில் போர்த் தண்ணீரைத் துளியூண்டு சூடாக்கியது. நீங்கள் காதில் கேட்ட சத்தமும் அதில் ஒரு பங்கு.