ரேடியேஷன் முடிந்த மூளைக் கட்டி: ஏஎஸ்எல் ஸ்கேனைச் சோதிப்பது எப்படி?

நொய்யல்கரை (கோவை):

வணக்கமுங்க. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டிக்கு ரேடியேஷனும் டெமோசோலமைடு கீமோ மருந்தும் முடித்தவர்களுக்குக் காண்ட்ராஸ்ட் (மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ) படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடம், திரும்பி வந்த கட்டியா, ரேடியேஷனில் செத்த திசுவா? ஊசியே போடாமல் ரத்த ஓட்டம் காட்டும் ஏஎஸ்எல் ஸ்கேன் இதைப் பிரிக்குமா என்று 3 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷினில் சோதிக்கத் திட்டம். ஒப்பிட, காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு ரத்த ஓட்டம் பார்க்கும் டிஎஸ்சி பர்ஃப்யூஷன். ஒரே ஸ்கேனில் இரண்டையும் எடுக்கலாமுங்களா? என்ன அளவுகள், எத்தனை பேர்? தாராபுரம், சத்தி பக்கமிருந்து வருகிறவங்களை இரண்டு தடவை அலைய விட முடியாது.

பவானிக்கூடல்:

ஒரே படுக்கையில் முடிச்சிரலாமுங்க, வரிசை மட்டும் மாறக் கூடாது: ஏஎஸ்எல் முதலில், டிஎஸ்சி அப்புறம், காண்ட்ராஸ்ட் டி1 படம் கடைசியில். ஏஎஸ்எல்-இல் கழுத்தில் ஏறும் ரத்தத்துக்கே காந்தக் குறி போட்டு அனுப்புகிறோம். அந்தக் குறி கரையும் வேகத்தை ரத்தத்தின் டி1 (காந்த நிலை பழையபடி திரும்ப ஆகும் நேரம்) தீர்மானிக்கிறது, 3 டெஸ்லாவில் சுமார் 1650 மில்லிசெகண்ட். காண்ட்ராஸ்ட் மருந்தான காடோலினியம் ஏறினால் டி1 சுருங்கி, குறி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் அழிந்துவிடும்.

2015-இல் அச்சான சர்வதேசப் பரிந்துரையைப் பிடித்துக்கொள்ளுங்க: பிசிஏஎஸ்எல் (ஏஎஸ்எல்-இல் ஒரு வகை), குறியிடும் நேரம் 1800, நோயாளிகளுக்குக் குறியிட்ட பின் காத்திருப்பு 2000 மில்லிசெகண்ட், 3டி ரீட்அவுட் (படம் பதியும் முறை), அசையாத திசுவின் சிக்னலைக் குறைக்கும் பின்னணி அடக்கம். எம்0 படம் (அளவுகோலாக எடுக்கும் படம்) எடுக்க மறந்தால் ரத்த ஓட்டத்தை எண்ணாகக் கணக்கிட வழியில்லை. குறியிட்ட படத்துக்கும் இடாத படத்துக்கும் வித்தியாசம் 1 சதவீதம் அளவுதான். அதனால் தலையின் இரு பக்கமும் ஸ்பாஞ்ச் இறுக்கமாக வையுங்க.

டிஎஸ்சி-க்குக் காண்ட்ராஸ்ட் மருந்து எடை கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு 0.5 மோலார் மருந்து 12 மில்லி. முன்கூட்டியே கொஞ்சம் மருந்து (முன்டோஸ்) தராவிட்டால் மெஷின் செட்டிங்: ஃபிளிப் ஆங்கிள் 30 டிகிரி, டிஇ (எக்கோ நேரம்) 30 மில்லிசெகண்ட். பவர் இன்ஜெக்டரில் விநாடிக்கு 4 மில்லி, பின்னாலேயே 20 மில்லி சலைன். கீமோ போட்ட கையில் நரம்பு கிடைக்காமல் மெல்லிய நீல வென்ஃப்ளான் (ஊசிக் குழாய்) குத்தி வேகத்தைக் குறைத்தால் சிக்னல் வளைகோடு அகன்று தட்டையாகிவிடும். வலது முழங்கை மடிப்பில் அகலமான பச்சை, முடியாவிட்டால் அதற்கடுத்த பிங்க். லீக்கேஜ் கரெக்‌ஷன் கட்டாயம்: மருந்து கசிந்து வளைகோடு அடிக்கோட்டுக்கு மேலே ஏறினால் சிபிவி (திசுவில் உள்ள ரத்த அளவு) குறைவாக வரும், திரும்பி வந்த கட்டி செத்த திசு மாதிரி தெரியும்.

சிறுவாணி:

குறியிடும் தளம், அதாவது கழுத்தில் ரத்தத்துக்குக் குறி போடும் இடம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. மூளை நடுவில் அடையாளமாக எடுக்கும் ஏசி-பிசி கோட்டுக்கு 85 மில்லிமீட்டர் கீழே என்பது தொடக்கம்தான். கழுத்தின் ஆஞ்சியோ லோக்கலைசர் (ரத்தக்குழாய் காட்டும் முன்படம்) ஒன்று எடுத்து, மூளைக்குப் போகும் கரோட்டிட், வெர்டிப்ரல் ரத்தக்குழாய்கள் இரண்டும் நேராக ஓடுகிற இடத்தில் செங்குத்தாக வையுங்க. ரத்தக்குழாய் வளையும் இடத்திலோ பல் இம்பிளான்ட் பக்கத்திலோ தளம் விழுந்தால் அந்தக் குழாயில் குறி ஏறாது. உதாரணமாக, படத்தில் வலது கரோட்டிட் பாயும் பகுதி முழுக்கக் கறுத்திருக்கும். அதற்குள் இருக்கும் கட்டியும் கறுப்பு, ஆக “நெக்ரோசிஸ்” (செத்த திசு) என்று எழுதிவிடுவோம். கறுப்பின் ஓரம் ரத்தக்குழாய் எல்லையை ஒட்டியே ஓடினால் நோய் மேல் பழி போடாதீங்க. தளத்தை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி எடுங்க. காண்ட்ராஸ்ட் ஏற்றும் முன்பே டெக்னீஷியன் இதைப் பார்த்தாக வேண்டும். காண்ட்ராஸ்ட் ஏறிய பின் பார்த்துப் பலனில்லை.

இன்னொன்று: ஏஎஸ்எல்-இல் வெள்ளைப் பொருளின் சிக்னல் மெலிவு, இரைச்சல் அதிகம். டிஎஸ்சி-யில் செய்வதுபோல, கட்டியின் அளவை ஒப்பிட அதை வகுக்கும் எண்ணாக வைத்தால் விகிதம் தாறுமாறாகும். எதிர்ப்பக்கச் சாம்பல் பொருளை எடுங்க.

அமராவதி:

எண்ணிக்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சென்சிட்டிவிட்டி (கட்டி திரும்பியவர்களைச் சரியாகப் பிடிக்கும் விகிதம்) 85 சதவீதம் என எதிர்பார்த்து, கூடக்குறைய 10-க்குள் நிற்க வேண்டுமென்றால் கட்டி திரும்பியவர்கள் 49 பேர். நூற்றுக்கு 60 பேருக்குத் திரும்பும் என்றால் மொத்தம் 82. இத்தோடு நிறுத்திவிடாதீங்க. ஸ்பெசிஃபிசிட்டி (திரும்பாதவர்களைச் சரியாக ஒதுக்கும் விகிதம்) 80 என்று வைத்தால் திரும்பாதவர்கள் 62 பேர் தேவை, அப்போது மொத்தம் 155. பெரிய எண்தான் உங்க எண். பாதியில் விடுகிறவர்களுக்கும் இடம் விடுங்க. தை, மாசியில் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டு, ஃபாலோஅப்புக்கு ஆள் வராது.

எதை உண்மை என்று எடுப்பது? ஆபரேஷன் திசு மட்டும் என்றால், ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்தவர்களே ஆபரேஷனுக்குப் போயிருப்பார்கள், கணக்கு ஒருபக்கம் சாயும். மற்றவர்களுக்கு ஆறு மாத ஃபாலோஅப் ஸ்கேனையும் உடல்நிலையையும் சேர்த்து முடிவு செய்யுங்க. ரேடியேஷன் முடிந்த மூன்று மாதத்துக்குள் போலி வளர்ச்சி (கட்டி வளராமலே வளர்ந்ததுபோலத் தெரிவது) வரலாம், அவர்களைத் தனியே பிரித்து வையுங்க. கட்டியா, செத்த திசுவா என்று பிரிக்கும் கட்-ஆஃப் எண்ணைப் படம் பார்க்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். படிக்கிற இரண்டு டாக்டருக்கும் பயாப்ஸி முடிவு தெரியக் கூடாது.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு இரண்டும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே. சம்மதப் படிவம் எளிய தமிழில். தாளவாடிப் பக்கத்துக்காரங்களுக்குக் கன்னடத்திலும் வையுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வில் சேராத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்டணும்.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. ரத்தசோகை உள்ளவங்களை விலக்கணுமா?

பவானிக்கூடல்:

விலக்க வேண்டாமுங்க, ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறித்து வையுங்க. அது குறைந்தால் ரத்தத்தின் டி1 நீளும். 1650 என்றே கணக்குப் போட்டால் ரத்த ஓட்டம் உள்ளதைவிட அதிகமாக வரும். அன்றைக்கு எடுத்த டெக்சாமெதசோன் (மூளை வீக்கத்துக்கான ஸ்டீராய்டு) டோஸையும் எழுதுங்க. காபி, டீ மூளை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விடியற்காலை பஸ் ஏறி வருகிறவங்க சிங்காநல்லூர் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீ குடிப்பாங்க, அதனால் முதல் நாளே போன் போட்டுச் சொல்லிடுங்க.