மதுரையில நாடகத்தை முடிச்சது சினிமாவா, டிவியா, திருவிழாக் கமிட்டியா?

செல்லூர் சேது:
இதுல விவாதிக்க ஒண்ணுமில்லைன்னுதான் நெனைக்கிறேன், இருந்தாலும் போடுறேன். நாடகத்தைக் கொன்னது சினிமா. 1918-ல நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், பசங்களை வச்சு நடத்துன நாடகக் கம்பெனியான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பிச்சது இதே மதுரையில. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க வளந்த பசங்க. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா எல்லாம் காளி என். ரத்தினத்துக்கிட்ட அடி வாங்கிப் பாடம் படிச்சவங்க. 1931-ல முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்துச்சு. அதுக்கப்புறம் கம்பெனியில தேறின ஆளு ஒவ்வொருத்தரா பெட்டியைக் கட்டிட்டாங்க. 1935-ல ‘பக்த நந்தனார்’ படத்துக்கு கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபா. எந்தக் கம்பெனி முதலாளி அதைக் குடுப்பான்? மிச்சம் மீதி இருந்ததை டிவி தொடச்சிருச்சு. அவ்வளவுதான் கதை.

ஆர்மோனியப்பெட்டி:
சேதுண்ணே, செத்துப்போச்சுன்னு நீங்க சொல்ற நாடகத்துக்குத்தான் பங்குனி, சித்திரையில ஆர்ட்டிஸ்ட் தேதி கிடைக்காம கமிட்டிக்காரங்க அலையிறாங்க. உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம் சுவரைப் பாருங்க. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) போட்டோ போட்ட நோட்டீஸ் ஒட்டாத ஊரு எது?

நீங்க சொல்றது கம்பெனி நாடகம். அது செத்தது உண்மை. ஆனா கணக்கைப் பாருங்க. கம்பெனின்னா முதலாளி அத்தனை பேருக்கும் வருசம் பூரா சோறு போடணும், கொட்டகை போடணும், தினமும் டிக்கெட் விக்கணும். பக்கத்துல ஒரு டாக்கீஸ் வந்து அதைவிடக் கம்மியா டிக்கெட் போட்டா முதலாளி தலையில துண்டு.

இப்ப ஊர்த் திருவிழாவுல நடக்குற ஸ்பெஷல் நாடகத்துல முதலாளியே கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையில இருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் திண்டுக்கல். தனித்தனியா அட்வான்ஸ், சொந்த டிரஸ், சொந்த மேக்கப் பெட்டி. ராத்திரி மேடைக்குப் பின்னாடிதான் பல பேரு ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க. ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் எல்லாருக்கும் மனப்பாடம், அது போதும். பணம் ஊர்ல இருந்து தலைக்கட்டு வரியா, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவுன்னு, வருது. பாக்குறவன் டிக்கெட் வாங்கலை. அப்புறம் சினிமா எப்படிப் போட்டி போடும்?

மீனாட்சி டீச்சர்:
சினிமா நாடகத்தைத் தின்றது என்பதே தலைகீழ். ஆரம்பத்தில் சினிமா என்று தனியாக ஒன்றும் இல்லை, மேடையைத்தான் படம் பிடித்தார்கள். 1934-இல் வந்த ‘பவளக்கொடி’ ஏற்கெனவே மேடையில் ஓடிய நாடகம். அதில் ஐம்பது பாட்டுக்கு மேல்.

அந்தக் காலப் படங்களில் நடிகர்கள் ஏன் ஆணி அடித்தது போல் நேராக நிற்கிறார்கள்? படம் எடுக்கும்போதே குரலையும் பதிவு செய்தாக வேண்டும். மைக்கைத் தாண்டி இரண்டு அடி நகர்ந்தால் பாட்டு போய்விடும். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் ஏ.வி. மெய்யப்பன் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்த பிறகுதான் பாடத் தெரியாத முகம் நாயகனாகவும், நடிக்க வராத குரல் பாடகராகவும் இருக்க வழி பிறந்தது. நாடகக்காரரின் பிடி தளர்ந்தது அங்கேதான். கொட்டகை காலியானதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

செல்லூர் சேது:
டீச்சரம்மா, காலியான கொட்டகையை வச்சுக் கணக்குப் போடாம வேற எதை வச்சுப் போடுறது? 1952 தீபாவளிக்கு தங்கம் தியேட்டரைத் திறந்தாங்க. முதல் படம் ‘பராசக்தி’. அதுவும் நாடகமா இருந்து படமானதுதான். அதுல நடிச்ச சிவாஜி கணேசனும் நாடகத்துல இருந்து போனவர்தான். வசனம் கேக்கத்தான் சனம் உள்ள போச்சு. நாடகத்தோட சரக்கு, நாடகத்தோட ஆளு, கல்லா மட்டும் தியேட்டர்ல. இதுக்குப் பேரு கொலை இல்லாம என்ன?

டெக் முருகேசன்:
எல்லாரும் சினிமாவைப் புடிச்சுத் தொங்குறீங்க. நான் எண்பதுகள்ல டிவியும், வீடியோ கேசட் ஓட்டுற டெக்கும் வாடகைக்கு விட்டவன், என்னைக் கேளுங்கப்பா.

மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சுச்சு. நமக்கு அதுல என்ன பிரயோசனம்? அங்க ஒளியும் ஒலியும் பாத்துக்கிட்டு இருந்தப்ப இங்க மொட்டை மாடியில ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி ரூபவாஹினி தெரியுதான்னு கத்திக்கிட்டு இருந்தோம். அதுவே 1982-ல வந்த இலங்கை டிவி. கொடைக்கானல் ரிலே வந்த பின்னாடிதான் ஒழுங்கா முகம் தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் டிவிப் பெட்டின்னா வீடியோ பாக்குற பெட்டி.

நாடகத்தை உண்மையா அடிச்சது இந்த டெக்தான். திருவிழாவுக்கு ஒரு செட் நாடகம் பேசினா ஆர்மோனியம், மிருதங்கம், மத்த தாளமெல்லாம் வாசிக்கிற ஆல்ரவுண்டு உட்பட இத்தனை பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டிக்கூலி. நான் ஒரு டிவி, ஒரு டெக், மூணு கேசட்டோட போவேன். விடிய விடிய மூணு படம். ஒரு பக்திப் படம், ஒரு எம்.ஜி.ஆர். படம், ஒரு புதுப்படம், அந்த வரிசையிலதான் போடணும், மாத்துனா சண்டை வரும். நாடகத்துக்கு ஆகுறதுல பாதி கூட ஆகாது. எங்கிட்ட வராத கமிட்டியே இல்ல.

அப்புறம் கேபிள் வந்துச்சு, 1993-ல சன் டிவி வந்துச்சு. வீட்டுக்கு வீடு படம் ஓடுறப்ப திருவிழாவுல எவன் மண்ணுல உக்காந்து படம் பாப்பான்? எங்க தொழில் படுத்துருச்சு. கமிட்டி திரும்பவும் நாடகத்துக்கே போனாங்க. டிவி நாடகத்தைக் கொல்லலை, என்னைத்தான் கொன்னுச்சு.

வைகை மாப்ள:
முருகேசு மாமா, கடைசி வரியை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

மீனாட்சி டீச்சர்:
முருகேசன் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தூர்தர்ஷன் நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு சோபா, ஒரு டெலிபோன், இடது பக்கம் வாசல், வலது பக்கம் சமையலறை. சபா மேடையை அப்படியே ஸ்டுடியோவில் இறக்கியிருப்பார்கள். இரண்டு மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும், நடிகர் நிறுத்தாமல் நடித்துக்கொண்டே போகலாம். துண்டு துண்டாக எடுக்கும் சினிமாவைவிட இது மேடைக்குத்தான் நெருக்கம். கே. பாலசந்தர் மேடையிலிருந்து 1965-இல் ‘நீர்க்குமிழி’ இயக்கப் போனார், பிறகு ‘ரயில் சிநேகம்’ தொடருக்கு வந்தார். அவருக்கு மூன்றும் ஒரே தெருவில் மூன்று வீடு.

ஆர்மோனியப்பெட்டி:
அக்கா, அது மெட்ராஸ் சபாக்காரங்க தெரு. அந்தத் தெருவுல எங்களுக்குத் திண்ணை கூடக் கிடையாது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் ஆரம்பிச்சா எப்ப முடியும்னு ஆர்மோனியக்காரருக்கே தெரியாது. நாரதர் ஒரு கேள்வி போடுவார், வள்ளி பாட்டுல திருப்பி அடிக்கும், முன்வரிசையில ஒரு பெருசு எந்திரிச்சு ரூபா நோட்டைக் குத்துவாரு, அவர் பேரையும் பாட்டுக்குள்ளயே கோத்துப் பாடணும். அதை அரை மணி நேரத்துல அடக்கிக் காட்டுங்கன்னா என்ன மிஞ்சும்? டிவி எங்களைக் கொல்லவும் இல்ல, கூப்புடவும் இல்ல.

செல்லூர் சேது:
தம்பி, நீ பெருமைப்படுற நாடகத்துல பபூனும் டான்சும் வந்தா என்ன பாட்டு பாடுறாங்க? சினிமாப் பாட்டு. ஒண்ணேகால் மணி வரைக்கும் அதுதான் ஓடுது. முருகன் வர்றதுக்குள்ள பாதிக் கூட்டம் பாயைச் சுருட்டிருது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின பாட்டுல எத்தனை இன்னிக்குப் பாடுறாங்க, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. உள்ள இருக்குற உசுரு சினிமாவோடது, மேல இருக்குற கிரீடம்தான் வள்ளி திருமணம்.

ஆர்மோனியப்பெட்டி:
பபூன் அன்னன்னிக்கு ஊர்ல ஓடுற பாட்டைத்தான் பாடுவார், அவர் வேலையே அதுதான். அது இல்லாட்டி அசந்து கிடக்குற கூட்டத்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரு எழுப்புறது? அதுக்குப் பின்னாடி தர்க்கத்துக்கு உக்காந்திருக்கிற சனத்தை நீங்க இருந்து பாத்ததில்ல, பாயைச் சுருட்டினவங்களோட நீங்களும் கிளம்பியிருப்பீங்க.

எங்களுக்கு இன்னிக்கு எதிரி சினிமாவும் இல்ல, டிவியும் இல்ல. சினிமாப் பாட்டுக்கு மேடையில ஆடுற ஆடல் பாடல் குரூப்பு. அதே தலைக்கட்டு வரி, அதே மேடை. வயசுப் பசங்க கமிட்டிக்கு வந்தா அதைத்தான் கேக்குறாங்க.

டெக் முருகேசன்:
எங்க ஊர்ல அதுக்கு ஒரு வழி பண்ணியாச்சு. முதல் நாள் ஆடல் பாடல், மறுநாள் நாடகம். நாடகத்துக்கு வரி, ஆடல் பாடலுக்குப் பசங்களே வசூல் பண்ணிக்கணும்.

செல்லூர் சேது:
வசூல் ஆச்சா?

டெக் முருகேசன்:
பாதிதான் ஆச்சு. மீதிக்கு நாடகப் பணத்துல கை வைக்கப் பாத்தாங்க. பெருசுங்க விடலை.